பிள்ளை கையில் கார்ச் சாவி: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியதும் கார் ஓட்டும் உரிமத்தைப் பெறலாம். தொடக்கக்கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்துவிட்டுத் தேசிய சேவைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ காத்திருக்கும் மாதங்களில்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்குகிறது. புக்கிட் பாத்தோக், உபி, உட்லண்ட்ஸ் ஓட்டுநர் பயிற்சி நிலையங்களில் ஒன்றிலோ தனியார் பயிற்றுநரிடமோ பிள்ளை கற்றுத் தேறுகிறான். அதுவரை பெற்றோருக்கு வேலை குறைவு. இங்கே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மகனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. உரிமம் பெற்ற பயிற்றுநர்தான் கற்பிக்க வேண்டும். நம் பங்கு, உரிமம் கைக்கு வந்த அன்று தொடங்குகிறது.

காரில் கீறல் விழும் என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். காரை வைத்திருக்கும் உரிமைக்காகக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே அண்மை ஆண்டுகளில் 100,000 வெள்ளியைத் தாண்டிப் போயிருக்கும் ஊரில் இதைச் சொல்வது எளிதன்று என்று எனக்குத் தெரியும். ஆனால் பல குடும்பங்களில் நான் பார்த்தவரை, கீறலுக்கு ஆன செலவைவிட அதை மறைத்ததால் ஆன செலவுதான் பெரிது. பயந்துபோன பிள்ளை அப்பாவிடம் சொல்லாமல் நண்பனிடம் சொல்கிறான். நண்பன் ஏதோ ஒரு பட்டறையைக் காட்டுகிறான். காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் போவதில்லை. இடிபட்டவர் சில மாதங்கள் கழித்து வழக்கறிஞர் கடிதம் அனுப்பும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிகிறது. எனவே கீழே நான் சொல்லும் எல்லா வேலையும் ஒரே குறியை நோக்கித்தான்: இடித்த ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளை உங்களை அழைக்க வேண்டும்.

முதல் வேலை: காப்புறுதிப் பத்திரம்

சாவியைக் கொடுக்கும் முன் வாகனக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்துப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். முதல் கேள்வி, இந்தப் பத்திரத்தின்படி அவன் ஓட்டலாமா என்பது. சில பத்திரங்கள் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டுமே பாதுகாப்புத் தரும். மலிவாக வாங்கிய சில பத்திரங்கள் இளம் ஓட்டுநர்களையும் அனுபவம் குறைந்தவர்களையும் அடியோடு விலக்கி வைத்திருக்கும். முகவர் தொலைபேசியில் "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொன்னால் போதாது. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்தது எக்சஸ். பழுதுச் செலவில் நாம் கைக்காசிலிருந்து முதலில் கட்டவேண்டிய தொகை அது. எல்லாருக்கும் பொதுவான எக்சஸ் ஒன்று இருக்கும். இளையர், அனுபவமில்லாதவர் என்றால் அதன்மேல் இன்னொன்று ஏறும். இளையர் என்பதற்கான வயது வரம்பும் அனுபவத்துக்கான ஆண்டுக் கணக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூன்றாவது என்சிடி, அதாவது கோரிக்கையில்லாக் கழிவு. காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீட்டுக் கோரிக்கை வைக்காமல் ஓட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சந்தாவில் 10 விழுக்காடு கழிவு, ஐந்தாண்டில் அதிக அளவாக 50 விழுக்காடு. நம் தவறால் நேர்ந்த விபத்துக்கு ஒரு கோரிக்கை போனால் அதில் 30 விழுக்காட்டுப் புள்ளிகள் போய்விடும். 50 இருந்தது 20 ஆகும். 30 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஒன்றுமே மிஞ்சாது.

இதைப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டே காட்டுங்கள். கழிவுக்கு முன் ஆண்டுச் சந்தா 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காட்டுக் கழிவோடு நீங்கள் கட்டுவது 1,000. ஒரு கோரிக்கைக்குப் பிறகு முதல் ஆண்டு 1,600, அடுத்த ஆண்டு 1,400, அதற்கடுத்து 1,200. நான்காம் ஆண்டில்தான் பழைய 1,000-க்குத் திரும்புவீர்கள். கூடுதலாகப் போனது 1,200 வெள்ளி. பொது எக்சஸ் 600, இளையர் எக்சஸ் 2,500 என்றால் அதோடு 3,100 சேர்த்து மொத்தம் 4,300. சந்தாவின் அடிப்படைத் தொகையையே நிறுவனம் உயர்த்தினால் அது தனி. இந்த எண்ணைப் பார்த்த பிள்ளைக்குத் தூணை ஒட்டித் திரும்பும்போது தானாகவே கால் பிரேக்குக்குப் போகும். அறிவுரை அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று. கார் உண்மையில் பிள்ளையின் கையில்தான் இருக்கப்போகிறது என்றால், சந்தா குறையும் என்பதற்காக "நான்தான் முதன்மை ஓட்டுநர்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பெரிய விபத்து ஒன்று நேர்ந்து நிறுவனம் விசாரிக்கத் தொடங்கும்போது அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

முதல் ஓராண்டு: 13 புள்ளிகள்

புதிய ஓட்டுநருக்கு ஓராண்டு தகுதிகாண் காலம். பி பிளேட் என்று எல்லாரும் சொல்லும் முக்கோணக் குறியை முன்கண்ணாடி, பின்கண்ணாடி இரண்டிலும் வலப்பக்க மேல்மூலையில் ஒட்ட வேண்டும். அந்த ஓராண்டுக்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்து. எல்லாத் தேர்வுகளையும் மறுபடி எழுத வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 புள்ளிகள். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தாலும் 12. அதாவது ஒருமுறை சிவப்பு விளக்கு, அதோடு எங்கேயோ சின்ன வேகமீறல், அவ்வளவுதான். வேகமீறலுக்கான புள்ளிகளும் அபராதமும் 2026 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் உரிமம் இல்லாத தம்பியோ தங்கையோ இருந்தால் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் யோசியுங்கள். "கார் நிறுத்துமிடத்துக்குள்ளேதானே, ஒரு சுற்று" என்று அண்ணன் கொடுத்துவிடுவான். உரிமமில்லாமல் ஓட்டுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தெரிந்தே ஓட்ட விட்டவருக்கும் அதே தண்டனை.

பக்கத்து இருக்கையில் நீங்கள்

பயிற்சி நிலையத்தில் ஓட்டிய சிறிய கார் வேறு, வீட்டில் நிற்கும் ஏழு இருக்கை வண்டி வேறு. முதல் சில வாரங்கள் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தொடங்கவேண்டிய இடம் சாலை அன்று, உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் தூண்களை ஒருமுறை நின்று பாருங்கள். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே வெள்ளை, சிவப்பு, நீலம் என்று பல கார்களின் வண்ணம் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருக்கும். பெரும்பாலும் அவை பின்கதவுகள் விட்டுச்சென்ற தடயங்கள். காரணம் எளிது: திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை, உள்வாங்கிப் போகும். முன்பக்கம் தூணைத் தாண்டிவிட்டது என்று நம்பி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் பின்கதவு தூணில் தேயும். பின்னோக்கி எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. முன்மூலை வெளியே வீசிப் பக்கத்துக் காரைத் தொடும். ஒரு நிறுத்தக் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர், குடும்பக் கார் ஏறத்தாழ 1.8 மீட்டர். நடுவில் சரியாக நிறுத்தினாலும் ஒரு பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்தான் மிச்சம். வேலைநாள் காலை பத்து மணிக்கு நிறுத்துமிடம் பாதி காலியாக இருக்கும். ஒரே கட்டத்தில் உள்ளே, வெளியே என்று அலுக்கும் வரை செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கீழே இறங்கி, பின்கதவுக்கும் தூணுக்கும் இடையே எத்தனை விரற்கடை இருக்கிறது என்று காட்டுங்கள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு நீங்கள் ஓட்டுங்கள், அவன் வெளியே நின்று பார்க்கட்டும். பின்சக்கரம் உள்வாங்குவதைக் கண்ணால் பார்த்தவனுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு பேட்டைச் சாலைகள், பள்ளி வட்டாரங்கள். பிறகு ஞாயிறு காலை விரைவுச்சாலை. அங்கே பிள்ளைகள் பயப்படுவது வேகத்தைக் கண்டு. நான் பயப்படுவது தடம் மாறுவதைக் கண்டு. தடங்களுக்கு நடுவே மோட்டார்சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும், அதிலும் காலையில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து கடற்பாலம் வழியாக வருபவை கூட்டமாக வரும். கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது, தோளுக்குமேல் தலையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்க்கிறானா என்று நீங்கள் பாருங்கள்.

வலப்பக்கம் திரும்பும் சந்திகள் தனி விஷயம். அம்புக்குறி விளக்கு உள்ள சந்திகள் கூடிவருகின்றன என்றாலும், எதிரே வரும் வண்டிகளுக்கு இடையே இடைவெளி பார்த்துத் திரும்பவேண்டிய சந்திகள் இன்னும் இருக்கின்றன. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். எதிர்த்தடத்து வண்டிகளையும், கடக்கும் பாதசாரிகளையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியாத வரை நிற்பதே சரி என்று பிள்ளைக்கு உரக்கச் சொல்லுங்கள். அந்த ஹாரன் ஒலிக்குப் பயந்து நுழைந்து இடித்தவர்கள் பலர்.

மழையிலும் இரவிலும் உங்களோடு ஒருமுறையாவது ஓட்டிய பிறகே தனியாக விடுங்கள். இந்த ஊர் மழை, முன்னால் போகும் லாரியின் பின்விளக்கைக்கூட மறைத்துவிடும்.

பக்கத்தில் உட்காரும் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது, "அய்யோ" என்று கத்தக் கூடாது. வழியை முன்கூட்டியே சொல்லுங்கள். குறைகளை வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு சொல்லுங்கள், அதுவும் ஒன்றோ இரண்டோ. இது தாத்தா, பாட்டி, சித்தப்பா எல்லாருக்கும் பொருந்தும். பின்னிருக்கையில் நான்கு பேர் நான்கு அறிவுரை சொன்னால் எப்பேர்ப்பட்டவனும் தடுமாறுவான்.

வீட்டு விதிகள்

எத்தனை பேரை ஏற்றலாம், எத்தனை மணி வரை ஓட்டலாம் என்று புதிய ஓட்டுநருக்கு இங்கே சட்டக் கட்டுப்பாடு கிடையாது. எனவே அதை வீடு வகுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் ஆறு மாதம் நண்பர் ஒருவர் மட்டும், நள்ளிரவுக்குமேல் இல்லை, ஜொகூர் இல்லை. மது தொட்டால் சாவி தொடக்கூடாது. எத்தனை மணியானாலும் அழைத்தால் வந்து கூட்டிப்போவோம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம். இந்தக் கடைசி வாக்கை நீங்கள் ஒருமுறை மீறினால் போதும், பிறகு அழைப்பு வராது.

ஜொகூருக்குப் போகும் நாள் வந்தால், நிலவழியாக வெளியேறும் சிங்கப்பூர்க் காரில் எரிபொருள் கலம் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும், மலேசிய வாகன நுழைவு அனுமதி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். அங்கே விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் மலேசியக் காவல்துறையில் புகார் பதிந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

இடித்துவிட்டால்

இதை அச்சிட்டுக் காரின் கையுறைப் பெட்டியில் வைக்கலாம். அதைவிட, ஒரு சனிக்கிழமை காரில் உட்கார்ந்து நடித்தே பார்க்கலாம்.

நிறுத்து. அவசர விளக்கைப் போடு. யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார். அடிபட்டிருந்தால் 995, காவல்துறைக்கு 999. கடுமையான காயம் என்றால் காவல்துறை சொல்லும் வரை வண்டிகளை நகர்த்தக் கூடாது. விரைவுச்சாலையில் என்றால் காருக்குள்ளும் காருக்குப் பின்னாலும் நிற்காதே. தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பான இடத்துக்குப் போ. பிறகு வீட்டை அழை.

நீங்கள் அழைப்பை எடுத்ததும் முதலில் கேட்கவேண்டியது "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" அடுத்தது "அவர்களுக்கு?" காரைப் பற்றி அந்த அழைப்பில் கேட்கவே வேண்டாம்.

படங்கள் எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் தள்ளி நின்று சாலைக் கோடுகள், விளக்குகள், வண்டிகள் நின்ற நிலை எல்லாம் தெரிய எடுக்க வேண்டும். பிறகு வண்டி எண்கள், பிறகு இரு வண்டிகளின் சேதமும் கிட்டத்தில். புதியவர்கள் தங்கள் பம்பரை மட்டும் பத்துப் படம் எடுத்துவிட்டு வருவார்கள். எதிர்வண்டியில் முன்பே இருந்த பழைய நசுங்கல் பிறகு நம் கணக்கில் ஏறும்போது காட்ட ஒன்றும் இருக்காது. எதிர்த்தரப்பின் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை விவரம், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். காரில் கேமரா இருந்தால் அதன் பதிவு அழியாமல் எடுத்து வைக்க வேண்டும்.

மனிதத்தன்மையோடு நலம் விசாரிப்பதும், "என் தவறுதான், முழுப் பணமும் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் காப்புறுதி ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. நம் பிள்ளைகள் பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்து வளர்ந்தவர்கள். எதிரே ஒரு மாமா வயதுக்காரர் குரலை உயர்த்தினால் எதையும் ஒப்புக்கொள்வார்கள். "அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன், அங்கிள்" என்ற ஒரு வாக்கியத்தைப் பழக்கி வையுங்கள்.

அழைக்காமலே ஓர் இழுவை வண்டி வந்து நிற்கலாம். அதில் காரை ஏற்றக் கூடாது. காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழைத்தால் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். விரைவுச்சாலையில் நின்றுபோன காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துச் செல்லும்.

எவ்வளவு சிறிய உரசலானாலும், கண்ணுக்குச் சேதமே தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். பலர் தவறவிடும் படி இதுதான். தெரிவிப்பதும் கோரிக்கை வைப்பதும் வேறு வேறு; தெரிவித்ததாலேயே என்சிடி குறையாது. தெரிவிக்காமல் விட்டால்தான் குறையலாம், புதுப்பிப்பும் மறுக்கப்படலாம். காயத்துக்காக வழக்குத் தொடுக்க எதிர்த்தரப்புக்கு மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். யாருக்காவது காயம், பாதசாரியோ சைக்கிளோட்டியோ சம்பந்தப்பட்டது, அரசாங்கச் சொத்துக்குச் சேதம், வெளிநாட்டுப் பதிவெண் வண்டி, இடித்தவர் நிற்காமல் போனது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காவல்துறையிலும் புகார் பதிய வேண்டும்.

ஆளில்லாமல் நிற்கும் காரை உரசுவதுதான் புதியவர்களுக்கு அதிகம் நேர்வது. என் மகள் ஒரு மாலை அழைத்தாள். "அம்மா, பக்கத்துக் காரை உரசிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை." அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. பெயர், தொலைபேசி எண், வண்டி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தக் காரின் முன்கண்ணாடி வைப்பருக்கு அடியில் செருகச் சொன்னேன். செருகிய தாளையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னேன். உரிமையாளருக்குத் தெரிவிக்க இயன்றதைச் செய்யாமல் போவது குற்றம். இன்று பல கார்கள் நின்றிருக்கும்போதும் பதிவு செய்துகொண்டிருக்கின்றன என்பது வேறு. இரவில் அவர் அழைத்தார், பேசித் தீர்த்துக்கொண்டோம். அப்படித் தீர்க்கும்போது தொகையையும், இதற்குமேல் கோரிக்கை இல்லை என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகும் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்தோம்.

"நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லாதீர்கள்

பாசத்தில் செய்யும் காரியம் இது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளையின் தகுதிகாண் உரிமம் போய்விடுமே, இளையர் எக்சஸ் கட்டவேண்டுமே என்று அப்பா ஓட்டியதாக எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல் தரும் குற்றம். காப்புறுதி நிறுவனத்திடம் அப்படிச் சொல்வது மோசடி. குடும்பத்தினரின் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவர்கள் சிங்கப்பூர் நீதிமன்றங்களில் சிறைத்தண்டனை பெற்றிருக்கிறார்கள். வேகமீறல் கடிதம் உங்கள் பெயருக்கு வந்தாலும் அன்று ஓட்டியவரின் விவரத்தைத்தான் கொடுக்க வேண்டும். உரிமம் போனால் பிள்ளை எம்ஆர்டியில் போவான், மறுபடி தேர்வு எழுதுவான். பொய்யில் இரண்டு பேரும் மாட்டினால் மீள்வது அவ்வளவு எளிதாக இருக்காது.

சரிசெய்வதா, விட்டுவிடுவதா

எதிர்த்தரப்பு இல்லாத சேதம், அதாவது தூண், சுவர், கல்விளிம்பு போன்றவற்றில் நம் கார் மட்டும் அடிபட்டது என்றால், மேலே போட்ட கணக்கை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பட்டறை 900 வெள்ளி சொல்கிறது, எக்சஸே 3,100 என்றால் கோரிக்கை வைப்பதில் பொருளில்லை. இரண்டு மூன்று பட்டறைகளில் விலை கேளுங்கள். கார் இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் வெளிப்பட்டறையில் வேலை செய்தால் அது பாதிக்குமா என்றும் கேளுங்கள்.

முன்விளக்கு, பின்விளக்கு, டயரின் பக்கச்சுவர், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, பம்பர் தொங்குவது ஆகியவற்றை அன்றே பார்க்க வேண்டும். கல்விளிம்பில் மோதிய டயரின் பக்கச்சுவரில் சின்ன வீக்கம் தெரிந்தால் அந்த டயரோடு விரைவுச்சாலையில் ஏறக் கூடாது. வெறும் வண்ணக் கீறலை விட்டுவிடலாம். காரைப் பதிவு நீக்கும்போது கிடைக்கும் கழிவுத்தொகை காரின் வயதையும் வாகன உரிமைச் சான்றிதழில் மிச்சமிருக்கும் காலத்தையும் பொறுத்தது. கதவில் கோடு இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. சான்றிதழ் முடிய இரண்டாண்டு இருக்கும் காரில் பின்கதவுக் கீறலுக்கு முழு வண்ணம் பூசுவது என் பார்வையில் வீண்செலவு. உலோகம் தெரிந்தால் மட்டும் துருப்பிடிக்காமல் தொடுவண்ணம் தடவினால் போதும்.

பணமும் சாவியும்

செலவில் பிள்ளைக்குப் பங்கு இருக்க வேண்டும், முழுதும் அவன் தலையில் விழக் கூடாது. முழுதும் கட்டவேண்டும் என்று தெரிந்தால் அடுத்த முறை சொல்லமாட்டான். தேசிய சேவைப் படித்தொகையிலோ பகுதிநேர வேலைச் சம்பளத்திலோ மாதந்தோறும் கட்டக்கூடிய ஒரு பங்கை விபத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தானே முன்வந்து உடனே சொன்னால் பங்கு பாதியாகும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அவனுடைய முதல் தவணையை வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

கைப்பேசி பார்த்ததால் நேர்ந்த விபத்து என்றால் சாவியைச் சில வாரங்கள் வாங்கி வையுங்கள். கவனித்து ஓட்டியும் அளவு தவறியது என்றால் இரண்டு மூன்று நாளில் அதே நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய் அதே கட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பயம் தடித்துவிடும். சில பிள்ளைகள் அதன்பிறகு ஓட்டுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஓராண்டு முடிந்து பி பிளேட்டை எடுக்கும் வாரத்தில் காப்புறுதிப் பத்திரத்தை மறுபடி எடுங்கள். அனுபவ ஆண்டுக் கணக்கு எப்போது நிறைகிறது, இளையர் எக்சஸ் எந்தத் தேதியில் நீங்கும் என்று எழுதிக் கேளுங்கள். புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலை வாங்குங்கள். ஓராண்டு கோரிக்கையில்லாமல் ஓட்டிய பிள்ளையின் பெயரைச் சேர்க்க எல்லாரும் ஒரே தொகை கேட்பதில்லை.